ஏற்றுமதியில் இறங்கத் தூண்டுவது எது? கொழும்பின் சிறு வணிகர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சிறிய ஆலையோ தையலகமோ மொத்தக் கடையோ நடத்துபவர்கள் ஏற்றுமதி பற்றிக் கேட்கும்போது பெரும்பாலும் பத்திரங்களிலிருந்தே தொடங்குகிறார்கள்: எந்தப் படிவம், எந்தத் திணைக்களம், எவ்வளவு கட்டணம். இவற்றுக்கு விடை தேடுவது அவ்வளவு கடினமன்று. வெளிநாட்டுக்கு ஏன் அனுப்ப விரும்புகிறோம் என்ற கேள்விதான் இவற்றுக்கெல்லாம் முந்தியது. ஒருவர் என்ன காரணத்தால் ஏற்றுமதியைத் தொடங்கினார் என்பதே அவருடைய இரண்டாவது சரக்கு போகுமா, முதலாவதோடு நின்றுவிடுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக எண்ணுவதால், கீழுள்ள பதில்களில் பத்திரங்களைவிடக் காரணங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சிறு வணிகம் என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கைச் சட்டகத்தின்படி, 10 பேர் வரை வேலை செய்யும் நிறுவனம் நுண் தொழில்முயற்சி, 11 முதல் 50 பேர் வரை உள்ளது சிறியது, உற்பத்தித் துறையில் 300 பேர் வரை உள்ளது நடுத்தரமானது. ஆண்டு விற்பனைத் தொகையும் கணக்கில் எடுக்கப்படுகிறது. இங்கே நான் மனத்தில் கொண்டிருப்பது முதல் இரண்டு வகையினரை. கொள்வனவு, சம்பளம், வங்கி, வாடிக்கையாளர் என எல்லாவற்றையும் ஒருவரோ ஒரு குடும்பமோ கவனிக்கும் இடங்கள் அவை.

ஏற்றுமதியைத் தொடங்குவதற்குப் பொதுவாக என்னென்ன காரணங்கள் இருக்கின்றன?

இத்துறை ஆய்வாளர்கள் காரணங்களை இரண்டு விதமாகப் பிரிப்பது வழக்கம். காரணம் நிறுவனத்துக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பது ஒரு பிரிப்பு. நிறுவனம் தானாக முன்வந்து தேடிப் போகிறதா, நெருக்கடியாலோ வந்த வாய்ப்பாலோ இழுக்கப்படுகிறதா என்பது மற்றையது. தனக்கென்று தனித்த பொருள் இருப்பது, வெளிநாட்டுச் சந்தையைப் பற்றி மற்றவருக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருப்பது, வளர வேண்டும் என்ற உரிமையாளரின் விருப்பம் ஆகியவை முன்வரும் வகையைச் சேர்ந்தவை. உள்ளூர் விற்பனை சரிவது, களஞ்சியத்தில் சரக்குத் தேங்குவது, போட்டிக்காரர் ஏற்கெனவே அனுப்பத் தொடங்கிவிட்டது, எவரும் எதிர்பாராமல் ஒரு வெளிநாட்டுக் கடைக்காரரிடமிருந்து ஓடர் வருவது ஆகியவை இழுக்கப்படும் வகை.

வெவ்வேறு நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் காரணங்களுள் ஒன்று, கேளாமலே வந்த ஓடர். கொழும்பு நிலைமையும் அதற்கு விலக்கன்று. சந்தை ஆய்வு செய்து, நாடுகளை ஒப்பிட்டு, திட்டம் தீட்டி ஏற்றுமதிக்குப் போன சிறு வணிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாரோ ஒருவர் கேட்டதனால் போனவர்கள் அவர்களைவிடப் பலர். இதில் குறை காண எதுவுமில்லை. வந்த ஓடரை அதன்பின் என்ன செய்தார் என்பதில்தான் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வேறுபாடு தெரிகிறது.

வளர்ந்துவரும் நாடுகளில் இப்பட்டியலோடு இன்னொரு காரணத்தையும் சேர்த்தே ஆக வேண்டும். 2022இல் இலங்கையில் டொலர் இல்லாமற்போனபோது, மூலப்பொருள் இறக்குமதிக்கு நாணயக் கடிதம் (விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) திறக்க வங்கிகள் தயங்கின. அந்த மாதங்களில் வெளிநாட்டு வருமானம் கொஞ்சமேனும் உள்ளவர்களால் மூலப்பொருளை வரவழைக்க முடிந்தது, மற்றவர்கள் காத்திருந்தார்கள். தன் ஆலை நிற்காமல் ஓடுவதற்குத் தேவையான டொலரைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் சுவீடனிலோ ஜப்பானிலோ உள்ள சிறு உற்பத்தியாளருக்கு வரக்கூடியதன்று. இங்கே அது மிக இயல்பான, நியாயமான தூண்டுதல்.

இலாபம்தானே முதன்மைக் காரணம்? மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதானே?

கேட்டால் எல்லோரும் இலாபம் என்றுதான் சொல்வார்கள், அது பொய்யுமன்று. ஆயினும் ஒரே தெருவில், ஒரே பொருளை, ஏறத்தாழ ஒரே விலைக்குச் செய்யும் இருவரில் ஒருவர் அனுப்புகிறார், மற்றவர் அனுப்பவில்லை என்றால், இருவருக்கும் பொதுவான இலாபத்தைக் கொண்டு அந்த வேறுபாட்டை விளக்க முடியாது. தன்னால் இதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை ஒருவரிடம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. நம்பிக்கை உள்ளவரின் மைத்துனரோ பழைய முதலாளியோ ஏற்கெனவே அனுப்பிப் பார்த்தவராக இருப்பார், அல்லது அவரே மத்திய கிழக்கில் சில காலம் வேலை செய்து திரும்பியவராக இருப்பார். வெளிநாட்டவரிடம் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதக் கூசாதவராகவும் இருப்பார்.

பெரிய கம்பனியில் ஏற்றுமதி முடிவை ஒரு பிரிவு எடுக்கும். சிறு வணிகத்தில் அதை ஒரு மனிதர் எடுக்கிறார். ஆகவே அவருடைய வயது, படிப்பு, பயணம், அச்சம், வீட்டாரின் கருத்து எல்லாமே அந்த முடிவுக்குள் வந்து சேர்கின்றன. ‘உனக்கேன் இந்த வேலை, இருப்பதைக் கட்டிக் காப்பாற்று’ என்று வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு சொல்லால் நின்றுபோன ஏற்றுமதிகள் உண்டு. அரசாங்கச் சலுகைகளைப் பற்றிப் பேசும் எவரும் இந்த ஒரு சொல்லைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ரூபாயின் பெறுமதி வீழும்போது ஏற்றுமதியைத் தொடங்குவது புத்திசாலித்தனமா?

தொடங்குவதற்கு அது நல்ல நேரமாக இருக்கலாம். அதை மட்டுமே காரணமாகக் கொண்டு தொடங்குவதுதான் ஆபத்து. 2022 மார்ச்சில் நாணயமாற்று விகிதம் தளர்த்தப்பட்ட பின்னர், அதுவரை 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியது. 2024இன் நடுப்பகுதியில் அது 300 ரூபாவை ஒட்டி வந்துவிட்டது.

இதை ஒரு சிறு ஓடரில் வைத்துப் பார்க்கலாம். 5,000 டொலருக்கு ஒருவர் விலை பேசினார் என்று கொள்வோம். டொலர் 360 ஆக இருக்கும்போது அவர் கைக்கு வருவது 18 இலட்சம் ரூபா. அதே 5,000 டொலர், விகிதம் 300 ஆகும்போது 15 இலட்சம். அவர் எதிர்பார்த்திருந்த இலாபம் 2 இலட்சம் என்றால், இலாபம் முழுவதும் போய், மேலும் ஒரு இலட்சம் கையைக் கடிக்கும். இறக்குமதி செய்த மிளகாயையோ துணியையோ மூலப்பொருளாகக் கொண்டவருக்கு அதன் ரூபா விலையும் குறைவதால் அடி கொஞ்சம் தணியும். ஆனால் சம்பளமும் மின்கட்டணமும் வாடகையும் ஏறிய இடத்திலேயே நிற்கும். 2022இன் விலையேற்றத்துக்குப் பின்னர் எந்தத் தொழிலாளியின் சம்பளத்தையும் எவராலும் இறக்க முடியவில்லை, இறக்கவும் கூடாது.

அந்த ஆண்டில் வேறொரு தூண்டுதலும் சேர்ந்திருந்தது. நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. உள்ளூரில் வாங்குவோர் குறைந்தார்கள், வெளிநாட்டு விலை கவர்ச்சியாகத் தெரிந்தது. அப்படி வெளியே போனவர்களில் ஒரு சாரார், உள்ளூர் விற்பனை மீண்டதும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதைக்கூட விட்டுவிட்டார்கள். இது அவர்களை மட்டும் பாதிப்பதன்று. அடுத்து அதே நாட்டுக்குப் போகும் இலங்கையரின் பெயரையும் அது கெடுக்கிறது.

விட்டுவிட்டுப் பிறகு மீண்டும் தொடங்கினால் என்ன?

ரொபர்ட்ஸ், டைபவுட் என்ற இரு பொருளியலாளர்கள் 1980களின் கொலம்பியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவு இங்கே பயன்படும். முதன்முறை ஏற்றுமதிக்குப் போவதற்கு, திரும்பப் பெற முடியாத ஒரு செலவு உண்டு. சந்தையை அறிவது, பொதியை மாற்றுவது, வாடிக்கையாளரைத் தேடுவது எல்லாம் அதில் அடங்கும். ஓராண்டு இடைவெளி விட்டவர் குறைந்த செலவில் திரும்பி வரலாம். அதற்கு மேல் விட்டுவிட்டால், புதிதாகத் தொடங்குபவருக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. வாங்குபவர் வேறிடம் போயிருப்பார், தொழில் தெரிந்த ஊழியரும் போயிருப்பார்.

வெளிநாட்டில் உறவினர் இருப்பது உண்மையில் எவ்வளவு உதவும்?

தமிழர்களைப் பொறுத்தவரை, மற்ற எல்லாக் காரணங்களையும்விட இதற்கே வலிமை அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யொஹான்சன், வால்னே ஆகியோர் 1977இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். நிறுவனங்கள் முதலில் தமக்கு மனத்தளவில் நெருக்கமான நாடுகளுக்குப் போகின்றன, அனுபவம் சேரச் சேரத் தொலைவான நாடுகளுக்கு நகர்கின்றன என்பது அதன் சாரம். மொழி, பழக்கவழக்கம், சட்டம், வணிக முறை ஆகியவற்றில் உள்ள வேறுபாட்டையே அவர்கள் தொலைவு என்றார்கள். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையில் நின்று பார்த்தால், சென்னையைவிட, நம்மவர்கள் குடியேறிய கனடாவின் ஸ்காபரோவும் லண்டனும் பாரிஸின் லாச்சப்பலும் பக்கத்தில் இருக்கின்றன. அரிசிமாவும் ஒடியல்மாவும் கறித்தூளும் அங்கே விளக்கம் எதுவும் இல்லாமல் விலைபோகும். புறக்கோட்டை மொத்த வணிகர்களுக்கு மாலைதீவும் இப்படித்தான்: வாங்குபவர் நேரில் வந்து, கையால் தொட்டுப் பார்த்து, கணக்கு முடித்துப் போகிறார்.

ஆனால் உறவினரின் பயணப்பெட்டியில் போவதும் கார்கோவில் பொதியாகப் போவதும் இன்னும் ஏற்றுமதியாகிவிடவில்லை. கொட்டாஞ்சேனையில் கறித்தூள் அரைக்கும் ஒரு பெண்மணியின் அனுபவம் இதைக் காட்டும். ஸ்காபரோவில் உள்ள ஒரு கடைக்காரர், உறவுக்காரர் வழியாக வந்த தூளைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, கடையில் வைப்பதற்கு 200 பைக்கற்றுகள் கேட்டார். அதன்பிறகு கேள்விகள் தொடங்கின. லேபலில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கிறதா? ஊட்டச்சத்து அட்டவணை எங்கே? அதே ஆலையில் கடுகும் அரைக்கப்படுகிறதா? கடைசிக் கேள்வி அந்தப் பெண்மணிக்கு விளங்கவே இல்லை. கனடாவில் கடுகு ஒவ்வாமைப் பொருட்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருப்பதால், அது கலந்திருக்கக் கூடுமானால் லேபலில் அதைச் சொல்லிவிடுவதே முறை. ஆலையில் காலையில் ஒருவருக்குக் கடுகு அரைத்துக் கொடுத்துவிட்டு, பிற்பகல் அதே இயந்திரத்தில் கறித்தூள் அரைப்பது அவருடைய வழக்கம்.

அடுத்தது நிறம். மல்லியையும் மிளகாயையும் வறுக்கும் பதத்தை அங்கே வேலை செய்யும் அம்மா கண்ணாலும் மூக்காலும் அறிவார். ஒரு நாள் வறுத்தது சிவப்பாகவும் மறுநாள் வறுத்தது சற்றுக் கறுப்பாகவும் இருந்தாலும், கொட்டாஞ்சேனை வாடிக்கையாளர் எவரும் குறை சொன்னதில்லை. ஆனால் கடையின் தட்டில் இரண்டு பைக்கற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, ஒன்று பழையது என்றே வாங்குபவர் நினைப்பார். ஆகவே ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோ, எத்தனை நிமிடம் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார்கள். பைக்கற்றின் வாயில் தூள் ஒட்டியிருந்தால் சூடேற்றி ஒட்டும் இடம் சரியாகப் பிடிக்காது என்பதனால், நிரப்பும் புனலின் நீளத்தைக் கூட்டினார்கள். கடுகுக்கு வேறு இயந்திரம் ஒதுக்கப்பட்டது. அந்த 200 பைக்கற்றுகளில் அவருக்குக் கிடைத்த இலாபம் மிகச் சொற்பம். ஆனால் அந்தக் கொப்பி இன்னும் எழுதப்படுகிறது, கொழும்புக் கடைகளுக்குப் போகும் தூளும் இப்போது ஒரே நிறத்தில் இருக்கிறது.

உறவு கதவைத் திறந்துவிடும். உள்ளே போய் நிற்பதற்குப் பொருள் தேவை. உறவினரையே முகவராகவும் வைத்துக்கொண்டால், பணம் கேட்க வாய் வராத நிலை வரும். தொகை சிறியதானாலும் எழுத்தில் விலைப்பட்டியலும் கொடுப்பனவுத் திகதியும் இருக்கட்டும்.

ஏற்றுமதி செய்வதால் வணிகம் திறமை பெறுகிறதா, திறமையான வணிகங்கள்தாம் ஏற்றுமதிக்குப் போகின்றனவா?

பொருளியலாளர்கள் நெடுங்காலம் விவாதித்த கேள்வி இது. கொலம்பியா, மெக்சிக்கோ, மொரோக்கோ ஆகிய நாடுகளின் தொழிற்சாலைத் தரவுகளைக் கொண்டு 1998இல் வெளியான ஓர் ஆய்வு, ஏற்றுமதிக்குப் போனவை அதற்கு முன்னரே திறமையாக இருந்தன, போனதனால் செலவு குறைந்ததாகப் பெரிதாகத் தெரியவில்லை என்று கண்டது.

பின்னர் எகிப்தில் அட்கின், கண்டேல்வால், ஒஸ்மான் ஆகியோர் வேறொரு வழியில் இதைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நைல் நதிக்கரையில் உள்ள ஃபோவா என்ற ஊரில், சிலர் மட்டுமே வேலை செய்யும் சிறிய தரைவிரிப்புப் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, செல்வந்த நாடுகளிலிருந்து வந்த ஓடர்களை ஓர் இடைநிலை நிறுவனத்தின் வழியாகக் கொடுத்தார்கள். ஓடர் கிடைத்த பட்டறைகளின் இலாபம் 16 முதல் 26 சதவீதம் வரை கூடியது. விரிப்பின் தரமும் உயர்ந்தது. இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் இறுதிப் பகுதி. இரு தரப்பாரையும் ஒரே பட்டறைக்கு அழைத்து, ஒரே நூல், ஒரே தறி, ஒரே வடிவம் கொடுத்து ஒரு விரிப்பை நெய்யச் சொன்னார்கள். ஏற்றுமதி ஓடர் செய்து பழகியவர்கள் நெய்தது மற்றவர்களுடையதைவிடத் தெளிவாக மேலாக இருந்தது, அதற்காக அவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆக, கற்றது கையில் தங்கிவிட்டது.

கொட்டாஞ்சேனைக் கொப்பிக்கும் இந்த விரிப்புக்கும் ஓர் உறவு இருப்பதாகவே நான் காண்கிறேன். ‘கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பதை ஏற்றுமதிக்கான காரணமாக எவரும் விண்ணப்பப் படிவத்தில் எழுதுவதில்லை. ஆயினும் விகிதம் மாறினாலும் சலுகை போனாலும் நிலைத்து நிற்கும் காரணம் அதுதான்.

அரசாங்கச் சலுகைகளும் வரிச் சலுகைகளும் ஒருவரை ஏற்றுமதிக்குத் தூண்டுமா?

ஏற்கெனவே போக நினைத்திருப்பவருக்கு அவை உதவும். நினைக்காதவரை அவை நினைக்க வைப்பது அரிது. இலங்கை ஏற்றுமதி அபிவிருத்திச் சபை 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. கொழும்பு நவம் மாவத்தையில் உள்ள அதன் அலுவலகத்தில் சந்தைத் தகவல், பயிற்சி, கண்காட்சிகளில் பங்குபெறும் வாய்ப்பு எனப் பல உதவிகளைப் பெறலாம். தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

தீர்வைச் சலுகைகளைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் மிக முக்கியமானது. பெருந்தொகையான பொருட்கள் அதன் கீழ் தீர்வையின்றி உள்ளே போகலாம். ஆனால் 2010இல் அதை இழந்தோம், 2017இல்தான் மீண்டும் பெற்றோம். அதை மட்டும் நம்பி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்களுக்கு அந்த ஏழு ஆண்டுகள் கடினமானவை. பிரித்தானியா தன் இப்போதைய சலுகைத் திட்டத்தை 2023இல் தொடங்கியது. இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998இல் கைச்சாத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவோ 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரியை அறிவித்து, பேச்சுவார்த்தைகளின் பின்னர் ஓகஸ்டில் அதை 20 சதவீதமாக்கியது. நாலு மாதத்தில் இவ்வளவு ஆடக்கூடிய ஒன்றின்மீது தொழிலின் அத்திவாரத்தைப் போடக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சலுகை பெற, பொருள் இலங்கையில் உருவானது என்பதற்கான சான்று தேவை. வெளிநாட்டு மூலப்பொருளை இங்கே சிறிதளவு பதப்படுத்துவது எல்லா உடன்படிக்கைகளின் கீழும் போதுமானதாக இருக்காது. விலை பேசும் முன்பே வர்த்தகத் திணைக்களத்தில் இதைக் கேட்டுத் தெளிவுபெறுவது நல்லது.

தனித்த பொருள் இருந்தால்தான் வெளிநாடு போகலாமா?

தனித்த பொருள் பெரிய பலம். இலங்கைக் கறுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் பல நாடுகளில் கறுவா என்று விற்கப்படுவது தடித்த பட்டையுடைய கசியா. மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துச் சுருட்டிய நம்முடைய கறுவா வேறு. மெக்சிக்கோ அதை நெடுங்காலமாகத் தேடி வாங்குகிறது. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் கறுவா’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இப்படி ஒரு பெயர் முதுகில் நிற்கும்போது சிறு வணிகரும் துணிந்து விலை சொல்லலாம். அப்படி இல்லாதவர் ஒரே தரம், சொன்ன திகதி, சிறிய அளவிலும் ஓடர் ஏற்கும் மனம் ஆகியவற்றைத் தன் தனித்தன்மையாக்கிக்கொள்ளலாம். பெரிய கம்பனி 200 பைக்கற்றுகளுக்குத் திரும்பியும் பார்க்காது.

ஆசை இருந்தும் பலர் தயங்குவது ஏன்?

பணம் வராமல் போய்விடுமோ என்ற பயம் முதலாவது. அது நியாயமான பயம். முழுப் பணமும் முன்கூட்டி வருவதே பாதுகாப்பானது, ஆனால் புதிய விற்பனையாளருக்கு அதை யாரும் எளிதில் தருவதில்லை. நாணயக் கடிதத்தில், ஆவணங்கள் சரியாக இருந்தால் வங்கியே பணத்துக்குப் பொறுப்பேற்கிறது. ஆனால் வங்கிகள் பார்ப்பது ஆவணத்தைத்தான். கடிதத்தில் ‘200 கார்ட்டன்’ என்று இருந்து உங்கள் பட்டியலில் ‘200 பெட்டி’ என்று இருந்தால்கூடக் கேள்வி எழலாம், பணம் தாமதமாகலாம். சிறு தொகைகளுக்கு நாணயக் கடிதத்தின் கட்டணம் கட்டுப்படியாகாது என்பதால், பலர் பாதி முற்பணம், மீதி கப்பல் ஆவணங்கள் வங்கி வழியாகக் கிடைக்கும்போது என்று பேசி முடிக்கிறார்கள். எனக்கு இந்த நடைமுறை பிடித்திருக்கிறது: இரு தரப்பும் சமமாகப் பொறுப்பேற்கின்றன. வாங்குபவர் கைவிட்டால் ஏற்படும் இழப்புக்கு இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில் காப்புறுதி பெறும் வசதி உண்டு. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நிறுவனம் அது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டேயிராத வணிகர்கள் இன்றும் நிறையப் பேர்.

இரண்டாவது பயம் சரக்குத் திரும்பி வருவது. மிளகாய்த்தூளில் அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நச்சு, ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரமான களஞ்சியத்தில் சாக்கில் கிடந்த மிளகாய் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். கொழும்பில் பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வுகூடங்களில் முன்கூட்டிச் சோதிக்கலாம். அனுப்பிய பின் திரும்பும் கொள்கலனின் செலவோடு பார்க்கும்போது அந்தக் கட்டணம் ஒன்றுமேயில்லை.

பத்திரங்கள் எவ்வளவு சிக்கலானவை?

வணிகப் பதிவு, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கம், சுங்கத்தில் பதிவு, ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிவு, தாவரப் பொருளானால் தாவரத் தொற்றுநீக்கல் சேவையின் சான்றிதழ். முதற்தடவை அனுபவமுள்ள ஒரு கிளியரிங் ஏஜண்டிடம் கொடுத்துவிட்டு, அவர் நிரப்பும் ஒவ்வொரு பத்திரத்தின் பிரதியையும் வாங்கிப் படியுங்கள்.

இடைத்தரகர் வழியாக அனுப்புவது ஏற்றுமதி ஆகுமா?

ஆகும். அதைத் தாழ்வாக எண்ணுவது நம்மவர்களின் வீண் கௌரவம். ஃபோவா நெசவாளர்கள் எவரும் தாமே வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடிப் போகவில்லை, ஆனாலும் கற்றார்கள். கொழும்பில் உள்ள பெரிய ஏற்றுமதிக் கம்பனிகளுக்குப் பொருள் கொடுத்து, அவர்கள் எதை நிராகரிக்கிறார்கள், ஏன் நிராகரிக்கிறார்கள் என்று கவனித்து வருவது நல்ல பயிற்சி. பங்களாதேஷில் தேஷ் என்ற ஆடை நிறுவனம் 1979இல் சுமார் 130 ஊழியர்களைப் பயிற்சிக்காகத் தென்கொரியாவின் டேவூ கம்பனிக்கு அனுப்பியது. அவர்களுள் பெரும்பாலோர் பின்னர் விலகிப் புதிய ஆடை நிறுவனங்களைத் தொடங்கினார்கள், அல்லது அவற்றில் சேர்ந்தார்கள். அந்நாட்டின் ஆடைத் தொழில் அப்படித்தான் பரவியது. பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு, தன்னாலும் முடியும் என்ற எண்ணம் வருகிறது. எந்தக் கருத்தரங்கும் அதை இவ்வளவு உறுதியாகக் கொடுக்காது.

எந்தக் காரணத்துக்காகத் தொடங்கவே கூடாது?

உள்ளூரில் விலைபோகாத சரக்கைத் தள்ளிவிடுவதற்காக. கொழும்பு வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்ததை ஸ்காபரோ வாடிக்கையாளர் ஏற்பார் என்பது நடவாத காரியம். கடன் நெருக்கடியிலிருந்து உடனே மீள்வதற்காகவும் வேண்டாம். மூலப்பொருள் வாங்கிய நாளிலிருந்து பணம் கைக்கு வரும் நாள் வரை பல மாதங்கள் போகலாம், அந்த இடைவெளியில் வட்டி நிற்காது. பக்கத்துக் கடைக்காரர் அனுப்பிவிட்டார் என்பதும் தனியே ஒரு காரணமாக முடியாது. ஆனால் அவர் எப்படி அனுப்பினார் என்று அவரிடமே போய்க் கேட்கலாம். பெரும்பாலும் சொல்வார்கள்.

முதலாவது சரக்கில் இலாபம் இல்லையென்றால் நிறுத்திவிடலாமா?

முதலாவதில் இலாபம் இல்லாதிருப்பது வழமை. அதைப் பார்த்து முடிவெடுப்பதற்கு முன் மூன்று விடயங்களைப் பாருங்கள்: வாங்கியவர் இரண்டாம் தடவை தானாகக் கேட்டாரா, அவர் சொன்ன குறைகளை உங்கள் ஆலையில் திருத்த முடியுமா, அந்தத் திருத்தம் உள்ளூர் விற்பனைக்கும் பயன்படுமா. மூன்றுக்கும் ஆம் என்றால் சிறிய அளவிலேயே இன்னொரு தடவை அனுப்புங்கள், விலையை மட்டும் புதிதாகக் கணக்குப் பாருங்கள். வாங்கியவர் மீண்டும் கேட்கவில்லை என்றால், ஏன் என்று அவரிடம் எழுதிக் கேட்டுப் பதிலைப் பெற்ற பின்னரே அடுத்த நாட்டைத் தேடுங்கள்.